ஆமோஸ் கல்வர் போடாத ஓட்டு

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க தம்பி. இல்ல இல்ல, கடிகாரத்தைக் கீழே வைக்காதீங்க, மடியிலயே இருக்கட்டும். இந்தப் பாதையில தபால் வண்டி போற போக்குக்குக் கீழே வெச்சீங்கன்னா, இறங்கும்போது முள்ளு தனியா சக்கரம் தனியாத்தான் எடுத்துட்டுப் போகணும். விக்கக் கொண்டு வந்ததா? முப்பதுல இது ஒண்ணுதான் மிச்சமா? பரவாயில்லையே! எங்க ஊர்க்காரங்க சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டு, சூரியனைப் பார்த்துத் தூங்கறவங்க. அவங்ககிட்ட இருபத்தொன்பது கடிகாரம் வித்தீங்கன்னா நீங்க பெரிய ஆளுதான்.

நான் நேதன் ஹார்க்கெட். ஜட்ஜ் ஹார்க்கெட்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி, நீங்க வடக்கே இருந்து வர்றீங்க, உங்களைச் சொல்லி என்ன பண்றது.

மணி என்ன காட்டுது? ரெண்டா? நல்லது. ஃபெர்ன்ஹில்லுக்கு மூணுக்குள்ள போயிடலாம். இன்னிக்கு அங்கே தேர்தல். நான் அங்கே குடியிருக்கல, ஆனா எங்கப்பா விட்டுட்டுப் போன அறுபது ஏக்கர் அங்கே இருக்கு. எங்க மாநிலத்துல நிலம் எங்கே இருக்கோ ஓட்டு அங்கே இருக்கு. குதிரை மாத்தறதுக்கு வண்டிக்காரன் அரை மணி நேரம் நிப்பாட்டுவான். அந்த அரை மணியில நான் இறங்கிப் போய் ஒரே ஒரு பேரைச் சொல்லிட்டு வரணும். அந்தப் பேரைச் சொல்றதுக்கு இருபத்தஞ்சு வருஷமாக் காத்திருக்கேன் தம்பி. விளையாட்டில்ல.

உங்க பக்கம் துண்டுச் சீட்டுல எழுதிப் பெட்டியில போட்டுட்டுப் போயிடுவாங்களாமே? அதென்ன ஓட்டு? திருட்டுத்தனம் மாதிரி இருக்கு. எங்க பக்கம் அப்படி இல்ல. கோர்ட்டுக் கட்டடத்துல ஒரு மேசை போட்டு ஷெரீஃப் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால பெஞ்சுல, போட்டி போடறவங்க எல்லாம் வரிசையா உட்கார்ந்திருப்போம். ஓட்டுக்காரன் வருவான். "யாருக்கு?"ன்னு ஷெரீஃப் கேட்பார். அவன் ஊருக்கே கேக்கற மாதிரி பேரைச் சொல்லணும். எவன் பேரைச் சொன்னானோ அவன் எழுந்து, குனிஞ்சு வணங்கி, "உங்களுக்கு ரொம்ப நன்றி ஐயா"ன்னு சொல்லணும். ஒவ்வொரு ஓட்டுக்கும்! சாயங்காலம் ஆகறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சிடும். ஆனா யார் நம்ம ஆளு, யார் நாம இனாமா ஊத்தின ரம்மைக் குடிச்சிட்டு அடுத்தவன் பேரைச் சொன்னான்னு தெளிவாத் தெரிஞ்சிடும். இதுதான் ஜனநாயகம். எல்லாருக்கும் ஓட்டு. எல்லாருக்கும்னா, நிலம் இருக்கற வெள்ளைக்கார ஆம்பளைங்க எல்லாருக்கும்.

என் பொண்டாட்டி மெர்சி ஒரு தடவை, "எனக்கும் ஓட்டு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்"னா. "இருந்திருந்தா எனக்குத்தானே போட்டிருப்பே?"ன்னேன். "யோசிச்சிருப்பேன்"னா. அவளுக்கு எப்பவும் தமாஷுதான்.

விஷயத்துக்கு வர்றேன். ஜெனரல் வாஷிங்டன் செத்துப்போன மறு வருஷம், சட்டசபைக்கு நான் நின்னேன். எனக்கு எதிரா ஆமோஸ் கல்வர். மாவு மில் வெச்சிருந்தவன். பெரிய படிப்பில்ல, பேச்சும் இல்ல, ஆனா எல்லாருக்கும் பிடிக்கும். ஏன் பிடிக்கும்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. மூணாவதா ஒரு ஆளு, டோபியாஸ் லிண்ட்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் எழுதப் படிக்கக் கத்துக்கணும், அதுக்கு ஆளுக்குக் கொஞ்சம் வரி போடணும்னு சொல்லி நின்னார். வரி போடறேன்னு சொல்லி ஓட்டுக் கேட்ட மனுஷனை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்க, இதுதான் முக்கியம். போட்டி போடறவன் தன் பேரைத் தானே சொல்லக் கூடாது. அசிங்கம். எதிராளி பேரைத்தான் சொல்லணும். அவன் நம்ம பேரைச் சொல்லுவான். சட்டத்துல எல்லாம் இல்ல, மரியாதை. நீ எனக்கு ஒண்ணு, நான் உனக்கு ஒண்ணு. யார் கணக்கும் கூடாது, குறையாது.

காலையில முதல் ஓட்டு என்னுது. புதுக் கோட்டு, வெள்ளைக் காலுறை எல்லாம் போட்டுக்கிட்டு மேசைக்கு முன்னால நின்னு, "ஆமோஸ் கல்வர்!"னேன். கூட்டம் கைதட்டுச்சு. அவன் எழுந்து வணங்கினான். அப்புறம் அவன் என் பேரைச் சொல்லணுமில்ல? சொல்லல. "அப்புறமாப் போட்டுக்கறேன்"னு சொல்லி பெஞ்சுல போய் உட்கார்ந்துட்டான். எனக்கு அப்பவே கொஞ்சம் உறுத்துச்சு.

நாள் முழுக்க நானும் அவனும் மாத்தி மாத்திக் குனிஞ்சுக்கிட்டே இருக்கோம். நடுவுல இந்த வாத்தியார். அவருக்கு ஒரே ஒரு கறுப்புக் கோட்டு, முழங்கையில ஒட்டுப் போட்டது. ஒவ்வொரு ஓட்டுக்காரன் வாயைத் திறக்கும்போதும் மனுஷன் பெஞ்சுலேருந்து அரைவாசி எழுந்திரிப்பார். அவன் என் பேரையோ ஆமோஸ் பேரையோ சொல்லுவான். இவர் மறுபடி உட்கார்ந்துடுவார். அடுத்த ஆளு வருவான், மறுபடி அரைவாசி எழுந்திரிப்பார். சிரிப்பை அடக்க முடியல தம்பி எங்களுக்கு. நானூறு தடவை எழுந்திருச்சிருப்பார். ஒரு தடவைகூட முழுசா நிக்கல.

பொழுது சாயற நேரம். கிளார்க் எழுந்து கணக்கைப் படிச்சார். கல்வர் இருநூத்திப் பன்னிரண்டு. ஹார்க்கெட் இருநூத்திப் பதினொண்ணு. லிண்ட்... லிண்டுக்கு ஒண்ணுமில்ல. இன்னும் ஓட்டுப் போடாதவங்க யாராவது உண்டான்னு ஷெரீஃப் கேட்டார். ஆமோஸ் எழுந்தான். எனக்கு மனசுக்குள்ள மேளம் கொட்டுது! ஏன்னா அவன் என் பேரைச் சொன்னா சரிக்குச் சரி. சரிக்குச் சரி வந்தா ஷெரீஃப் ஓட்டுத்தான் முடிவு. ஷெரீஃப் யாரு? மெர்சியோட தாய்மாமன்! நான் கோட்டை எல்லாம் இழுத்துவிட்டுக்கிட்டு, எழுந்து வணங்கத் தயாரா உட்கார்ந்திருக்கேன்.

"யாருக்கு?"ன்னார் ஷெரீஃப்.

"டோபியாஸ் லிண்டுக்கு"ன்னான் ஆமோஸ்.

பாதி எழுந்தவன் அப்படியே நிக்கறேன் நான். கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. வாத்தியார் எழுந்தார். முழுசா எழுந்தார். ரொம்ப நிதானமாக் குனிஞ்சு, "உங்களுக்கு ரொம்ப நன்றி ஐயா"ன்னார். சிரிப்பு நின்னுபோச்சு. அவர் அழுதார்னு சொல்றாங்க. நான் பார்க்கல. நான் கிளார்க்கோட நோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

வெளியே வந்ததும் ஆமோஸைப் பிடிச்சேன். "ஏன்டா இப்படிப் பண்ணினே?"ன்னேன். "நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாரேப்பா. அவர் எழுந்து நன்றி சொல்றதுக்கு ஒரு ஆளு வேணாமா, நேதன்?"னான். அவ்வளவுதான். மன்னிப்பு இல்ல, ஒண்ணுமில்ல. என் ஓட்டைத் தூக்கி இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டு, ஏதோ பசிச்சவனுக்கு ரொட்டி குடுத்தவன் மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு நிக்கறான்.

என்ன கேக்கறீங்க? ஒரு ஓட்டுத்தானே வித்தியாசம், வேற ஓட்டு எதுவும் கைநழுவலையான்னா? இல்லையே. ஆங், ஏனோக்னு ஒரு கிழவன் வந்தான், பழைய சிப்பாய். அவன்கிட்ட சரியா இருபத்தஞ்சு ஏக்கர், அவ்வளவு இருந்தாத்தான் சட்டப்படி ஓட்டு. ஆனா அதுல அரை ஏக்கரை ஆறு அரிச்சுட்டுப் போனது எனக்குத் தெரியும். அப்போ வக்கீலா இருந்த நானே அவன் பத்திரம் எழுதினவன் இல்லையா! உடனே எழுந்து ஆட்சேபம் சொன்னேன். ஷெரீஃப் அவனைத் திருப்பி அனுப்பிட்டார். பாவம், என் பேரைச் சொல்றதுக்குத்தான் வந்தானாம், அப்புறமாத் தெரிஞ்சுது. அதுக்கென்ன பண்றது? சட்டம் சட்டம்தானே? அது வேற விஷயம் தம்பி. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க.

மூணு வருஷம் கழிச்சு என்னை ஜட்ஜ் ஆக்கினாங்க. எங்க பக்கம் ஜட்ஜைச் சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும். என் பேரை எழுந்து முன்மொழிஞ்சது யாருன்னு நினைக்கறீங்க? ஜெயிச்சு சட்டசபைக்குப் போயிருந்த ஆமோஸ்தான். "அப்பனே வந்து நின்னாலும் சட்டத்தை வளைக்க மாட்டான், இவனை விட்டா ஆளில்ல"ன்னு பேசினானாம். வாழ்க்கையில அவன் பேசின ஒரே பிரசங்கம் அதுதானாம். மனசாட்சி குத்தியிருக்கும், வேறென்ன? மெர்சிதான் அடிக்கடி சொல்லுவா: "அந்த மனுஷர் குடுக்காத ஒத்தை ஓட்டையே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க. அவர் குடுத்த வேலையைப் பத்தி ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கீங்களா?" அவளுக்கு அரசியல் தெரியாது.

ஜட்ஜ் வேலைன்னா நீங்க நினைக்கற மாதிரி இல்ல தம்பி. வருஷத்துல ஏழு மாசம் குதிரை மேலதான். ஏழு கவுன்ட்டி, ஒவ்வொண்ணும் ஒரு ஜில்லா மாதிரி. கோர்ட்டுக் கட்டடம் இருந்தா அதுல, இல்லைன்னா சத்திரத்துல, அதுவும் இல்லைன்னா மரத்தடியில விசாரணை. ஜூரிங்க தனியாப் பேசி முடிவு பண்ண இடமில்லாம சோளக்கொல்லைக்குள்ள அனுப்புவேன். உள்ள போன பன்னிரண்டு பேர்ல பத்துப் பேர்தான் சில சமயம் திரும்பி வருவாங்க. ராத்திரி சத்திரத்துல ஒரே கட்டில்ல மூணு பேர். பகல்ல என் முன்னால வாதாடின வக்கீலே என் பக்கத்துல படுத்துக் குறட்டை விடுவான். ஒருத்தன் தூக்கத்துல உதைச்சான். மறுநாள் அவன் கட்சிக்காரன் தோத்துட்டான். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

இருபத்திரண்டு வருஷம்! சட்டம் எங்கே நிக்குதோ அங்கேதான் நானும் நின்னேன். ஆமோஸே ஒரு தடவை என் முன்னால வந்தான். பக்கத்து வீட்டுப் பன்னி அவன் மில்லுக்குள்ள புகுந்து பண்ணின அழிச்சாட்டியம். அவனுக்கு எதிராத்தான் தீர்ப்புச் சொன்னேன். பழசை மனசுல வெச்சுக்கிட்டுச் சொல்லல, சத்தியமா. மேல்கோர்ட்டுல மாத்திட்டாங்க. அங்கே உட்கார்ந்திருக்கறவங்களுக்குப் பன்னியைப் பத்தி என்ன தெரியும்? ஆமோஸ் கோபமாவது பட்டானா? அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு கூடை ஆப்பிள் அனுப்பறான். எனக்கு வந்த ஆத்திரத்துல ஒண்ணுகூடத் தொடல. மெர்சி பணியாரமாப் பண்ணிப் போட்டா, அதுல ரெண்டு சாப்பிட்டேன்.

இன்னிக்கு என்னன்னா, எழுபத்தோரு வயசுல அந்த மனுஷன் மறுபடி நிக்கறானாம். எதிரே மேஜர் ஒருத்தன். எந்தப் போர்ல மேஜர்னு யாருக்கும் தெரியாது, ஆனா ரம் பீப்பாய் பன்னிரண்டு இறக்கியிருக்கானாம். மூணாவதா ஒரு சேணம் தைக்கறவன், பீட்டர் ஷோல்னு பேரு. அவனை யாரும் சீந்த மாட்டாங்க. புரியுதா உங்களுக்கு? நான் மேசைக்கு முன்னால போய் நிக்கப் போறேன். ஆமோஸைப் பார்த்துக்கிட்டே, "பீட்டர் ஷோல்!"னு சொல்லப் போறேன். சொல்லிட்டு, "நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாரேப்பா. அவர் எழுந்து நன்றி சொல்றதுக்கு ஒரு ஆளு வேணாமா, ஆமோஸ்?"னு கேக்கப் போறேன். அதே வார்த்தை! ஒரு சொல் மாறக் கூடாது. குதிரை மேல போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கேன். என் குதிரைக்கே மனப்பாடம்.

இதோ கோர்ட்டு மணிக்கூண்டு தெரியுது. தொப்பியைக் குடுங்க. என் இடத்தை யாருக்கும் விட்டுடாதீங்க. இதோ வந்துடறேன்.



நல்லவேளை, வண்டி போயிடல. ரொம்ப நேரம் ஆயிடுச்சா? வண்டிக்காரன் திட்டினானா? திட்டட்டும். கொஞ்சம் தண்ணி இருக்கா தம்பி?

சொல்றேன், சொல்றேன். மூச்சு வாங்கட்டும்.

உள்ளே போனேன். மேஜர் குனிஞ்சு குனிஞ்சு முகமெல்லாம் சிவந்துபோய் நிக்கறான். சேணக்காரனுக்குக்கூட எழுபது ஓட்டாம்! இனாமா லகான் தைச்சுக் குடுத்திருக்கான், படவா. ஆமோஸுக்கு எத்தனைன்னு கிளார்க்கைக் கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினான். ஆமோஸ் கல்வர்னு பேர் எழுதியிருக்கு. அதுக்குக் கீழே வெறும் காகிதம்.

அந்த ஆளு எதுக்காக நிக்கறான் தெரியுமா? பள்ளிக்கூட வரிக்காக! வாத்தியார் லிண்ட் செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அவர் கேட்டதை இவன் கேட்டுட்டு நிக்கறான். இவன் வயசுக்காரங்க பாதிப் பேர் மண்ணுக்குள்ள, பெத்த பிள்ளைங்க மேற்கே குடிபோயிட்டாங்க. யார் போடுவா?

பெஞ்சுல உட்கார்ந்திருக்கான். காது மந்தமாயிடுச்சு. முட்டி வேற வீங்கியிருக்கு. ஒவ்வொருத்தன் வாயைத் திறக்கும்போதும், கைத்தடியை ஊன்றி அரைவாசி எழுந்திரிக்கறான் தம்பி. யார் பேர்னு காதுல விழல. கிளார்க் இல்லைன்னு தலையாட்டினதும் மறுபடி உட்கார்ந்துக்கறான். அடுத்த ஆளு வர்றான். மறுபடி எழுந்திரிக்கறான். பசங்க கூட்டமா நின்னு சிரிக்கறாங்க. நல்லாப் பாருங்க, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால அதே இடத்துல உட்கார்ந்து நானும் சிரிச்சேன்.

என் முறை வந்துடுச்சு. ஷெரீஃப் சின்ன வயசுக்காரன், மரியாதையா எழுந்து நின்னு, "யாருக்கு, ஜட்ஜ் ஐயா?"ன்னான். சேணக்காரன் பேர் நாக்கு நுனியில நிக்குது. சத்தியமா நிக்குது. ஆமோஸ் தடியை ஊன்றிட்டான். அரைவாசி எழுந்துட்டான்.

"ஆமோஸ் கல்வர்"னு வந்துடுச்சு.

நான் என்ன பண்ணட்டும்? வந்துடுச்சு! அவனுக்கு அதுவும் காதுல விழல. கிளார்க்கையே பார்த்துட்டு நிக்கறான். மறுபடி சொல்ல வேண்டியதாப் போச்சு. கோர்ட்டே அதிர்ற மாதிரி கத்தினேன். கிளார்க் ஆமான்னு தலையாட்டினான். ஆமோஸ் முழுசா நிமிர்றதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் குனிஞ்சான். "உங்களுக்கு ரொம்ப நன்றி ஐயா"ன்னான். தலையைத் தூக்கி என்னை உத்துப் பார்த்துட்டு, "நேதனா?"ன்னான். ஜட்ஜுன்னு பேர், நாலு பேர் முன்னால நின்னு தலையை மட்டும் ஆட்டறேன்.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? அவன் நேரா மேசைக்கு வர்றான். "நான் இன்னும் போடல, இப்பப் போடறேன்"ங்கறான். ஷெரீஃப், "யாருக்கு?"ன்னான்.

"நேதன் ஹார்க்கெட்டுக்கு."

கூட்டம் கசகசன்னு ஆயிடுச்சு. "தாத்தா, ஜட்ஜ் ஐயா இந்தத் தேர்தல்ல நிக்கலையே"ன்னு ஷெரீஃப் காதுக்குள்ள கத்தறான். "தெரியும்ப்பா. எழுதிக்கோ"ங்கறான் ஆமோஸ். ஷெரீஃபுக்கு என்ன பண்றதுன்னு புரியல. என் பக்கம் திரும்பி, "சட்டம் என்ன சொல்லுது, ஜட்ஜ் ஐயா?"ன்னான்.

சட்டம் என்ன சொல்லும்? நிக்காத ஆளுக்கு ஓட்டு இல்ல. செல்லாது. அரை ஏக்கருக்காக ஏனோக் கிழவனைத் திருப்பி அனுப்பினவன் நான். அந்தக் கிழவன் தொப்பியை மாட்டிக்கிட்டுப் படியிறங்கிப் போனது இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் எனக்கு ஞாபகம் வருது, பாருங்க.

"எழுதுங்க"ன்னேன்.

கிளார்க் எழுதினான். அப்புறம் எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. எனக்குப் புரியல. ஷெரீஃப்தான் மெதுவா, "ஐயா, நீங்க வணங்கணும்"னான். குனிஞ்சேன் தம்பி. இந்த இடுப்பு இனிமே வளையாதுன்னு வைத்தியர் சொல்லியிருந்தார், வளைஞ்சுது. "உங்களுக்கு ரொம்ப நன்றி ஐயா"ன்னேன். ஒரு ஓட்டுக்கு நான் நன்றி சொல்லி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு.

இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இருபத்திரண்டு வருஷத்துல என் தீர்ப்பு எத்தனையோ தப்பாப் போயிருக்கலாம், மேல்கோர்ட்டுக்காரங்களைக் கேட்டா சொல்லுவாங்க. ஆனா தப்புன்னு தெரிஞ்சே சொன்ன தீர்ப்பு இது ஒண்ணுதான்.

கண்ணுல தூசி. இந்தப் பாதையே தூசி.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. என் ஓட்டு அன்னிக்கு வரல, இன்னிக்கு வந்துடுச்சு. அப்போ கணக்கு என்ன? இருநூத்திப் பன்னிரண்டுக்கு இருநூத்திப் பன்னிரண்டு. சரிக்குச் சரின்னா முடிவு ஷெரீஃப் கையில. ஷெரீஃப் மெர்சியோட தாய்மாமன். ஆக அந்தத் தேர்தல்ல ஜெயிச்சது யாரு? நான்தானே!

மெர்சிகிட்ட என்னன்னு சொல்றதுன்னுதான் தெரியல. இருபத்தஞ்சு வருஷமா சாப்பாட்டு மேசையில, சத்திரத்துல, வண்டியில, எங்கே உட்கார்ந்தாலும் இதைத்தான் பேசிட்டிருந்தேன். இனிமே எதைப் பேசறது?

நீங்க பேசுங்க தம்பி. நீங்க வாயே திறக்கலையே. அந்தக் கடிகாரத்தைப் பத்திச் சொல்லுங்க. ஊர் போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம் இருக்கு, எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.